செயின் வண்டியிலிருந்து ஸ்டூவர்ட் வரை

தை பிறந்தால் சிதம்பரம், புவனகிரி, காட்டுமன்னார்கோவில் பக்கமெல்லாம் சம்பா அறுவடை மும்முரம். வயலில் ஈரம் காயவில்லை என்றால் விவசாயி முதலில் கேட்பது, "செயின் வண்டி கிடைக்குமா?" என்றுதான். டயர் வண்டி சேற்றில் இறங்கினால் அச்சு வரை புதைந்துபோய், அதை இழுக்க இன்னொரு வண்டி வரவேண்டும். செயின் வண்டி, அதாவது சங்கிலிப் பட்டையில் ஓடும் அறுவடை இயந்திரம், அதே சேற்றில் நிதானமாகப் போகும், நின்ற இடத்திலேயே திரும்பும். பல டன் எடையை நீளமான இரண்டு பட்டைகளின் பரப்பு முழுக்கப் பிரித்துவிடுவதால், ஓரிடத்தில் விழும் அழுத்தம் குறைந்துவிடுகிறது.

ராணுவ டாங்கியின் பூர்வீகமும் இப்படியொரு டெல்டாச் சேறுதான். கலிஃபோர்னியாவில் ஸ்டாக்டன் என்ற ஊரைச் சுற்றியிருந்த சதுப்பு வயல்களில் கனத்த நீராவி டிராக்டர்கள் புதைந்துகொண்டே இருந்தன. பெஞ்சமின் ஹோல்ட் என்பவர் 1904 நவம்பரில் பின்சக்கரங்களைக் கழற்றிவிட்டு, மரக்கட்டைகள் பதித்த சங்கிலிப் பட்டைகளை மாட்டி ஓட்டிப் பார்த்தார். டிராக்டர் புதையவில்லை. பத்தாண்டு கழித்து முதல் உலகப்போரில் ஹோல்ட் டிராக்டர்கள் பிரிட்டிஷ் ராணுவத்துக்குப் பீரங்கி இழுத்தன. பட்டையில் ஓடும் வண்டிக்கு இரும்புக் கவசம் போட்டால் என்ன என்ற யோசனை அங்கிருந்து வளர்ந்தது. 1915இல் முதல் மாதிரி வண்டியான 'லிட்டில் வில்லி'யைச் செய்துகொடுத்த வில்லியம் ஃபாஸ்டர் நிறுவனம், இங்கிலாந்தின் லிங்கன் நகரில் விவசாய இயந்திரங்கள் தயாரித்துவந்த ஒன்று. 1916 செப்டம்பர் 15 அன்று பிரான்ஸின் சோம் போர்க்களத்தில் டாங்கிகள் முதன்முதலாக இறங்கின.

பிளாஸ்டிக் டாங்கி மாதிரி ஒன்றைத் தன் கையால் கட்டிப் பார்க்க ஆசைப்படும் கடலூர், சிதம்பரம் வாசகருக்கு இதை முதலில் சொல்லக் காரணம் உண்டு. இந்தப் பொழுதுபோக்கு பெருநகரத்துக்காரர்களுக்கும் வெளிநாட்டவருக்கும் உரியது என்ற எண்ணம் நம்மிடம் இருக்கிறது. ஆனால் டாங்கியின் உயிர் அதன் பட்டையில். பட்டை எப்படித் தொய்கிறது, எந்த இடத்தில் சேறு அப்புகிறது, எந்த விளிம்பு தேய்ந்து வெள்ளியாக மின்னுகிறது என்பதைப் பிறர் புகைப்படத்தில் பார்த்துக் கற்கிறார்கள். நமக்கு அது வரப்பிலேயே நிற்கிறது.

பெட்டிக்குள் என்ன?

பெட்டியைத் திறந்தால் பாகங்கள் பிளாஸ்டிக் சட்டங்களில் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு. படங்களோடு ஒரு செய்முறைத் தாள், தண்ணீரில் நனைத்து ஒட்டும் எண்களும் சின்னங்களும் அடங்கிய டெக்கால் தாள், பட்டைக்கு இரண்டு ரப்பர் போன்ற நீளங்கள். பசையும் பெயின்டும் பெரும்பாலும் பெட்டியில் இருக்காது. தனியாக வாங்க வேண்டும்.

பெட்டி மேல் 1/35 என்றோ 1/48, 1/72 என்றோ போட்டிருக்கும். 1/35 என்றால் நிஜத்தின் முப்பத்தைந்தில் ஒரு பங்கு. அதென்ன முப்பத்தைந்து? ஜப்பானின் ஷிசுவோகா நகரில் 1946இல் மர வியாபாரமாகத் தொடங்கியது தமியா நிறுவனம். 1951இல் அதன் மரக்கிடங்கு தீயில் போனது. பிறகு மர பொம்மைகளிலிருந்து பிளாஸ்டிக்குக்கு வந்து, 1961இல் ஜெர்மனியின் பாந்தர் டாங்கியை மோட்டாரோடு வெளியிட்டது. உள்ளே மோட்டாரும் பேட்டரிகளும் அடங்க வேண்டும் என்று உடலின் அளவை வைத்தார்கள். பின்னர் கணக்குப் போட்டால் அது ஏறத்தாழ 1/35 என்று வந்தது. அந்தப் பெட்டி நன்றாக விற்கவே அதே அளவில் தொடர்ந்தார்கள். மற்ற நிறுவனங்களும் வந்து சேர்ந்தன. பேட்டரிக்காக வந்த ஓர் அளவு இன்று உலகம் முழுக்க டாங்கி மாதிரிகளின் பொது அளவாகிவிட்டது.

புதியவருக்கு நான் சொல்வது 1/35தான். விலை குறைவு, இடம் அடைக்காது என்று 1/72இல் தொடங்கச் சொல்பவர்கள் உண்டு. ஆனால் அந்த அளவில் கைப்பிடிகளும் விளக்குகளும் எறும்பளவுக்குச் சுருங்கிவிடும்; பழகாத விரலுக்கு அது தண்டனை. பத்து வயதுப் பிள்ளைக்கு வாங்குவதானால் கதை வேறு. பசையே தேவைப்படாமல் அழுத்திப் பொருத்தும் வகைகள் இருக்கின்றன. ஏர்ஃபிக்ஸின் 'குவிக் பில்ட்' வரிசையில் சேலஞ்சர் டாங்கி வருகிறது. மெங் நிறுவனத்தின் கார்ட்டூன் உருவ டாங்கிகளும் குழந்தைகளுக்குப் பிடிக்கும்.

விலை உறுத்தத்தான் செய்யும். சுங்கத்துறைக் கணக்கில் அளவு மாதிரிகள் பொம்மைகளோடு ஒரே தலைப்பில் வருகின்றன. 2020 பட்ஜெட்டில் பொம்மைகளுக்கான இறக்குமதி வரி 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது. 2023இல் 70 ஆக்கப்பட்டது. உள்நாட்டுப் பொம்மைத் தொழிலைக் காக்கும் நோக்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் உள்நாட்டில் ஈடான பொருள் அநேகமாக இல்லாத இந்தச் சிறு கைவேலைக்கும் அதே சுமை விழுவது வருத்தமானது. அதனாலேயே முதல் பெட்டியை யோசித்து வாங்க வேண்டும். பாதியில் நின்று பரணுக்குப் போகும் பெட்டிதான் எல்லாவற்றிலும் விலை கூடியது.

சக்கரத்தை எண்ணுங்கள்

புதியவர்களில் பலர் முதலில் கேட்பது ஜெர்மனியின் டைகர். சினிமா, வீடியோ கேம் எல்லாம் சேர்ந்து வளர்த்த மோகம் அது. டைகரின் ஆரம்பகால வகையில் பக்கத்துக்கு எட்டு அச்சுகள். ஒவ்வொரு அச்சிலும் ஒன்றின்மேல் ஒன்று ஏறினாற்போல் மூன்று சக்கரங்கள். இரண்டு பக்கமும் சேர்த்து 48. ஒவ்வொன்றையும் சட்டத்திலிருந்து வெட்டி, வெட்டிய தழும்பைத் தேய்த்து, ரப்பர் விளிம்புக்குக் கறுப்பு அடிக்க வேண்டும். பட்டை தனித்தனிக் கண்ணிகளாக வரும் பெட்டியாக இருந்தால் பக்கத்துக்கு 96 கண்ணிகள் வேறு. இரண்டாம் வாரத்தில் கை ஓய்ந்துவிடும்.

பெட்டி வாங்கும்போது அட்டைப் படத்தை விடுத்து, பக்கவாட்டில் இருக்கும் சிறிய படத்தில் சக்கரங்களை எண்ணுங்கள் என்பதே என் முதல் யோசனை. பட்டை ஒரே நீளமாக வருகிறதா என்று பாருங்கள். மொத்தப் பாகங்கள் இருநூறுக்குள் அடங்கினால் நல்லது. செதுக்கு உலோகத் தகடுகள் சேர்த்திருப்பதாகப் பெருமை பேசும் பெட்டியை இரண்டாம் மூன்றாம் முறைக்கு வைத்துக்கொள்ளலாம்.

இந்தக் கணக்கில் எனக்கு மிகவும் பிடித்தது அமெரிக்காவின் ஸ்டூவர்ட் எம்5ஏ1. தரையைத் தொடும் சக்கரங்கள் பக்கத்துக்கு நான்கு, மொத்தம் எட்டு; பின்னால் பெரிதாகப் பக்கத்துக்கு ஒன்று. நிஜ வண்டியின் நீளம் 4.8 மீட்டர் என்பதால் 1/35 மாதிரி 14 சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும். தமியா, ஏ.எஃப்.வி. கிளப் இரண்டிலும் இதற்குப் பெட்டிகள் வந்திருக்கின்றன. எளிமைக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. இந்தச் சிறிய டாங்கிக்குப் பின்னால் நம் ஆட்களின் கதை ஒன்று இருக்கிறது.

1948இல் லடாக்குக்குப் போகும் வழியான ஜோஜிலா கணவாய் பாகிஸ்தான் தரப்புப் படைகளின் வசம் இருந்தது. காலாட்படையின் தாக்குதல் பலிக்கவில்லை. டாங்கிகளை மேலே கொண்டுபோவது என்று ஜெனரல் திம்மையா முடிவெடுத்தார். ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரம். இருந்தது கோவேறு கழுதைகள் போகும் ஒற்றையடிப் பாதை. அதை டாங்கி போகும் பாதையாக அகலப்படுத்தியவர்கள் மெட்ராஸ் சாப்பர்ஸ் படையினர். பழைய சென்னை ராணுவத்தில் வேர்விட்ட 7வது லைட் கேவல்ரியின் ஸ்டூவர்ட்டுகள், எதிரிக்குத் தெரியாமலிருக்க டரெட் எனப்படும் சுழலும் தலைப்பகுதி கழற்றப்பட்டு, ரகசியமாகக் கொண்டுபோகப்பட்டு, அடிவாரத்தில் மறுபடி பொருத்தப்பட்டன. நவம்பர் 1ஆம் தேதி பனியில் அவை கணவாய்க்குள் நுழைந்தன. அந்த உயரத்தில் டாங்கியை யாரும் எதிர்பார்க்கவில்லை. கணவாய் மீண்டது.

மாதிரியில் டரெட்டை உடலின் மேல் வைத்துத் திருப்பிப் பூட்டும் கட்டம் வரும்போது இந்தக் கதை நினைவிருந்தால், கையிலிருப்பது பொம்மையாகத் தோன்றாது.

இன்னொரு தேர்வு பிரிட்டனின் செஞ்சூரியன். தமியாவின் பழைய 'செஞ்சூரியன் மார்க் 3' பெட்டி எளிமையானது. பக்கவாட்டில் கவசத் தகடு தொங்குவதால் சக்கரங்களின் மேல்பாதியும் பட்டையின் மேல்புறமும் மறைந்துவிடும். புதியவரின் பிழைகளும் அதன் பின்னால் ஒளிந்துகொள்ளும். 1965 செப்டம்பரில் பாகிஸ்தானுடனான போரில் சியால்கோட் முனையில் ஃபில்லோராவில் செஞ்சூரியன்களோடு இறங்கிய படைப்பிரிவுகளில் ஒன்று 16வது லைட் கேவல்ரி. இந்தியக் கவசப் படைகளில் மூத்ததான அது, 1776 வாக்கில் ஆற்காடு நவாபின் குதிரைப்படையாக இருந்தது. 1993 வரை நம் மாவட்டத்தின் பெயரே தென்னாற்காடு, தலைமையிடம் கடலூர். நவாபின் குதிரையிலிருந்து செஞ்சூரியன் வரை வந்த அந்தப் படையின் கதை நமக்கு அந்நியமானதல்ல.

1971 டிசம்பர் 16 அன்று பசந்தர் போரில் 'ஃபமகுஸ்டா' என்ற செஞ்சூரியனை விட்டு இறங்க மறுத்துப் போரிட்டு மாண்ட அருண் கேத்தர்பாலுக்கு வயது 21. பரம்வீர் சக்ரா பெற்றார். டாங்கி மாதிரி செய்கிறவர் இதையெல்லாம் தெரிந்துகொண்டுதான் செய்ய வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். அந்த இரும்புக்குள் நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள், வெந்தும் போனார்கள். இரு தரப்பிலும்.

அமெரிக்காவின் ஷெர்மன் டாங்கியும் நல்ல தொடக்கமே. 1945இல் பர்மாவின் மெய்க்டிலாவை நோக்கிப் பாய்ந்த இந்தியப் படைப்பிரிவுகள் ஓட்டியது அதைத்தான். பெரும்பாலான நிறுவனங்களிடம் ஷெர்மன் இருக்கும்.

பண்ருட்டி அறிந்த வேலை

கருவிகளுக்கு வெளிநாட்டுக் கடைக்குப் போக வேண்டியதில்லை. பேப்பர் கட்டர் பிளேடு, நல்ல நகவெட்டி அல்லது சிறிய கட்டிங் பிளையர், 400, 600 நம்பர் வாட்டர் பேப்பர், ஒரு ட்வீசர், இரண்டு மூன்று தூரிகைகள். திருப்பாதிரிப்புலியூரிலோ சிதம்பரம் வீதிகளிலோ ஒரு ஹார்டுவேர் கடை, ஒரு ஸ்டேஷனரி கடை ஏறி இறங்கினால் முடிந்தது. தேடி வாங்க வேண்டியது பிளாஸ்டிக் சிமென்ட் ஒன்றுதான். உடனடிப் பசையை இதற்குப் பதிலாக வைக்கக் கூடாது. அது இரண்டு துண்டுகளுக்கு நடுவே ஒரு படலமாகக் காய்கிறது, அவ்வளவே. பிளாஸ்டிக் சிமென்ட் பாலிஸ்டைரீனையே கரைக்கிறது; இரு பக்கமும் இளகி ஒன்றில் ஒன்று கலந்து, கரைப்பான் ஆவியானதும் ஒரே துண்டாகிவிடும். பற்றவைப்பு என்றே சொல்லலாம். துண்டுகளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு தூரிகை நுனியால் இடுக்கில் ஒரு தொடுதல் போதும், தானே உள்ளே ஓடும். ஜன்னலைத் திறந்துவைத்து வேலை செய்யுங்கள், அதன் ஆவி நல்லதல்ல.

சட்டத்திலிருந்து வெட்டும்போது பாகத்தை ஒட்டி வெட்டாமல் சற்றுத் தள்ளி ஒரு முறை, பிறகு மிச்சத்தை ஒரு முறை என்று இரண்டாக வெட்டினால் பாகம் பிய்ந்துபோகாது. தேவைப்படும்போது மட்டுமே வெட்ட வேண்டும். எண் சட்டத்தில் இருக்கிறது. வெட்டிப்போட்ட துண்டுக்கு அடையாளம் கிடையாது.

இதற்கடுத்து வரும் வேலை நம் மாவட்டத்துக்கு வெகுகாலப் பழக்கம். பண்ருட்டியில் கொலு பொம்மை செய்கிறவர் காகிதக்கூழையோ களிமண்ணையோ அச்சில் அழுத்தி இரு பாதிகளாக எடுப்பார், காயவைத்து ஒட்டுவார், இணைப்புத் தெரியாமல் பூசித் தேய்ப்பார், வெள்ளை அடித்து, அதன்மேல் நிறம் கொடுத்து, கண்ணைக் கடைசியில் எழுதுவார். பீரங்கிக் குழலும் பழைய பெட்டிகளில் இரு பாதியாகத்தான் வருகிறது. ஒட்டி, நன்றாகக் காயவிட்டு, பட்டி பார்த்து, நீளவாக்கில் தேய்க்காமல் குழலைச் சுற்றிச் சுற்றித் தேய்த்து, பிரைமர் அடித்துப் பார்க்க வேண்டும். இணைப்புக் கோடு தெரிந்தால் மறுபடி பட்டி. பார்ப்பவர் கண் முதலில் விழும் இடம் குழல். 1690இல் ஆங்கிலேயர் தேவனாம்பட்டினம் கோட்டையை வாங்கியபோது, பீரங்கி சுட்டுக் குண்டு விழுந்த தூரம் வரை எல்லை என்று குறித்த ஊர் கடலூர். குண்டு உப்பலவாடி, குண்டு சாலை என்ற பெயர்கள் இன்றும் இருக்கின்றன. கடலூர்க்காரர் செய்யும் டாங்கியில் குழல் கோணலாக இருக்கக் கூடாது என்பது என் ஆசை.

பெயின்டுக்கு முன் முழு வண்டியையும் பாத்திரம் கழுவும் சோப்பு நீரில் மெதுவாகக் கழுவிக் காயவைக்க வேண்டும். அச்சிலிருந்து எளிதாகக் கழன்றுவர நிறுவனத்தில் பூசிய எண்ணெய்ப் பசை, நம் விரல் வியர்வை இரண்டும் போனால்தான் பெயின்ட் பிடிக்கும். சக்கரங்களையும் பட்டையையும் ஒட்டாமல் தனியே வைத்து நிறம் கொடுப்பது வசதி. ஆலிவ் பச்சைக்கு தமியாவின் எக்ஸ்.எஃப்-62 எளிதில் கிடைக்கும் ஒன்று. ஒரே அடியாகக் கெட்டியாக அடிக்காமல் நீர்த்த பூச்சாக இரண்டு மூன்று முறை; ஒவ்வொன்றும் காய்ந்தபின் அடுத்தது.

நம் கடற்கரைக் காற்று இங்கே குறுக்கிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஸ்ப்ரே டப்பாவை எடுக்காதீர்கள். காற்றின் ஈரம் ஈரப் பெயின்டுக்குள் சிக்கி, காய்ந்தபின் வெள்ளைப் பூஞ்சை படிந்தது போல மங்கிவிடும். சித்திரை, வைகாசி மதியத்தில் எதிர்த்தொல்லை: தூரிகை ஒரு முனையிலிருந்து மறுமுனை போவதற்குள் அக்ரிலிக் காய்ந்து கோடுகோடாக நிற்கும். தை முதல் பங்குனி வரை காலை வேளை உத்தமம். வெயிலில் நிறுத்திய காருக்குள் மாதிரியை விட்டுவிட்டுப் போகக் கூடாது. மெல்லிய பாகங்கள் வளைந்துவிடும்.

சேறு பூசும் கலை

நிறம் அடித்து முடித்த டாங்கி புது பொம்மை போலப் பளபளப்பாக, உயிரற்று நிற்கும். அடர் பழுப்பு எண்ணெய் வண்ணத்தைத் தின்னரில் மிக நீர்க்கக் கரைத்து, மூடிகளைச் சுற்றியும் திருகுகளின் அடியிலும் ஓடவிட்டால், ஆழமெல்லாம் இருண்டு வடிவம் எழும். பிறகு சற்று வெளிறிய பச்சையைத் தூரிகையில் எடுத்து, காகிதத்தில் துடைத்து, ஏறக்குறைய காய்ந்த தூரிகையால் விளிம்புகளை வருடினால் மேடுகள் வெளிச்சம் பிடிக்கும். இந்த இரண்டு வித்தைகள் முதல் மாதிரிக்குப் போதும்.

சேற்றுக்கு நம் வயலுக்குப் போய்ப் பாருங்கள். அறுவடை முடிந்து சாலையோரம் நிற்கும் செயின் வண்டியின் அடிப்பகுதியில் கறுப்பு வண்டல் அப்பி, ஓரத்தில் காய்ந்து வெளிறியிருக்கும். சக்கரம் உருளும் பாதையில் மட்டும் சேறு இல்லாமல் வழவழவென்று இருக்கும். நெய்வேலியில் பட்டையில் நகரும் பிரம்மாண்ட பக்கெட் வீல் இயந்திரங்களின் படங்களிலும் இதைக் காணலாம். சேறு கீழே கனமாக, மேலே போகப்போகத் தூசியாக மாறும். டரெட்டின் உச்சியில் சேறு அப்பிய மாதிரிகளைக் கண்காட்சிகளில் பார்த்திருக்கிறேன். அங்கே அது எப்படிப் போகும்? பண்ருட்டிப் பக்கத்துச் செம்மண்ணைச் சன்னமாகச் சலித்து, கொஞ்சம் நீர்த்த ஃபெவிகாலில் குழைத்தால் அருமையான சேறு கிடைக்கும். ஆனால் ஜோஜிலா ஸ்டூவர்ட்டுக்குச் செம்மண் ஆகாது. சாம்பல் நிறக் கல்தூசியும் பனியும்தான் பொருந்தும். எந்த ஊரில் ஓடிய வண்டி என்று முடிவு செய்துவிட்டால் சேற்றின் நிறமும் தானாக முடிவாகிவிடும்.

டெக்கால்களில் ஒரு சங்கடம் உண்டு. ஸ்டூவர்ட், ஷெர்மன் பெட்டிகளில் அமெரிக்க நட்சத்திரமே பெரும்பாலும் இருக்கும். அதை விட்டுவிட்டு, பழைய புகைப்படம் ஒன்றைத் தேடி எண்ணைக் கையால் எழுதுங்கள். கொஞ்சம் கோணினாலும் பரவாயில்லை, போர்க்களத்திலும் அதை யாரோ ஒரு சிப்பாய் தூரிகையால்தான் எழுதியிருப்பார்.

முதல் வண்டி முடிந்ததும், நவராத்திரிக்குக் கொலுப் படிக்குக் கீழே பிள்ளைகள் அமைக்கும் பார்க்கில் ஒரு மலைப்பாதை போட்டு நிறுத்திவைக்கலாம். பார்க்க வருகிறவர்களுக்கு ஜோஜிலாவைச் சொல்ல அதைவிடத் தோதான இடம் கிடைக்காது. இரண்டாவதாக டி-72 எடுங்கள். இந்தியாவில் 'அஜேயா' என்ற பெயரில் ஆவடியில் தயாரானது அது.

அதன்பின் கை தேர்ந்த யாராவது ஒருவர் விஜயந்தாவைச் செய்ய வேண்டும். விக்கர்ஸ் வடிவமைப்பு, 105 மி.மீ. பீரங்கி, 1965இல் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து முதலாவது வெளிவந்து, 1980கள் வரை 2,000க்கும் மேல் தயாரானது. தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள் கட்டிய முதல் டாங்கி. கடையில் பெட்டியாகக் கிடைக்கும் என்று காத்திருக்க வேண்டாம். வேறொரு வண்டியின் சக்கரம், பட்டைகளை எடுத்துக்கொண்டு, உடலையும் டரெட்டையும் பிளாஸ்டிக் தகட்டில் வெட்டிக் கட்ட வேண்டியிருக்கும். பல கோணங்களிலிருந்து புகைப்படம், அளவுகள், ஒவ்வொரு மூடியின் இடம் எல்லாம் சேகரிக்க வேண்டும். மகாராஷ்டிரத்தில் முன்பு அகமதுநகர் எனப்பட்ட அகில்யாநகரின் டாங்கி அருங்காட்சியகத்துக்கு ஒரு பயணமும், ஆவடியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர்களோடு சில சாயங்காலப் பேச்சும் அதற்குத் தேவைப்படும். அப்படிப்பட்ட ஓய்வுபெற்றவர்கள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டிருக்கிறார்கள். அந்த வேலையை ஆரம்பிக்க நினைப்பவர் சீக்கிரம் ஆரம்பிக்க வேண்டும்.